கொட்டியாரக் குடாவில் முக்கால் மணித்தியாலம்

என் கணவர் முப்பத்தொரு வருடம் கப்பலில் இருந்தார். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் இஞ்சினியர். கடைசிப் பன்னிரண்டு வருடம் தலைமை இஞ்சினியர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்பதுதான் பேச்சு. அந்த மூன்று மாதமும் பல தடவை இரண்டாகவும் ஒன்றரையாகவும் சுருங்கியிருக்கிறது. நான் திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் வளர்த்தேன். கூரை ஒழுகினால் ஆள் பிடித்தேன். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அப்பா செத்தபோது பெட்டிக்குப் பின்னால் நடந்தது நானும் பிள்ளைகளும்தான்.

அவர் ஓய்வு பெற்று வந்தபோது நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. மகள் கனடாவில், மகன் அவுஸ்திரேலியாவில். இனி இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கப்போகிறோம் என்ற நினைப்பே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர் முதிய வயதில் கலியாணம் முடித்தது போல.

முதல் வருடம் அவர் வீட்டைத் திருத்தினார். பிறகு என் குசினியைத் திருத்தினார். சீனிப் போத்தலிலும் உப்புப் போத்தலிலும் பெயர் எழுதி ஒட்டினார். எரிவாயு அடுப்பை நான் தேவைக்கு அதிகமாக எரிக்கிறேன் என்று பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். அமைதியான வீட்டில் அவருக்கு நித்திரையே வராது. மழைக்குளிரிலும் மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு படுப்பார். எதிர்த்து நான் ஏதும் சொன்னால் அவர் கோபப்படுவதில்லை. நான் சொன்னது காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார். இஞ்சின் சத்தத்துக்குள் முப்பது வருடம் நின்றவர்களுக்கு அது நன்றாகப் பழகியிருக்கும்.

அப்போதுதான் மீன்பிடித் துறைமுகத்தில் மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த அந்தப் படகைக் கண்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்து, நோய் வந்து, விட்டுவிட்டுப் போன உல்லாச மோட்டார்ப் படகு. முப்பத்தெட்டு அடி. உள்ளே ஒரு படுக்கை அறை, நின்று சமைக்க ஒரு மூலை, மேலே கண்ணாடி போட்ட ஓட்டும் அறை. வெள்ளைப் பூச்சு மஞ்சளாகி, காகங்களின் எச்சம் காய்ந்து கிடந்தது. இஞ்சினைத் திறந்து பார்த்த அன்று அவர் முகத்தில் தெரிந்த சந்தோசத்தை எங்கள் கலியாணப் படங்களில் நான் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

வாங்கிவிட்டேன் என்று பிறகு வந்து சொன்னார். இருக்கிற வீடு என் சீதனம். அதை விற்கலாம் என்று அவர் வாயெடுக்கவில்லை, அந்த மட்டில் நல்லது. வாடகைக்கு விட்டுவிட்டுப் படகிலேயே இருப்போம் என்றார். நான் ஏலாது என்றேன். எனக்குக் கடல் பயம் என்றும் சொன்னேன். அதற்கு அவர், என் வாழ்க்கையில் அவரிடமிருந்து நான் கேட்ட மிக நீண்ட பேச்சைப் பேசினார்.

"உலகத்தில நான் போகாத துறைமுகம் இல்லை. நீர் ஒண்டும் காணேல்லை. பிள்ளையளோடயும் பள்ளிக்கூடத்தோடயும் இருந்திட்டீர். இனி நான் உமக்கு ஒவ்வொண்டாக் காட்டுவன்."

ஐம்பத்தொன்பது வயதில் நான் அதை நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

வீட்டை ஒரு வங்கி முகாமையாளரின் குடும்பத்துக்கு விட்டோம். என் சீலைகளை அலுமாரியில் பூட்டிவிட்டு, ஆறு சட்டைகளோடு படகில் ஏறினேன். ஒவ்வொரு பயணத்துக்கும் அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும். தலைவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, பணியாளர் என்ற இடத்தில், என் பெயரை எழுதினார். வேறு எங்கே எழுதுவது, அந்தத் தாளில் மனைவிக்கு இடம் இல்லையே என்றார். அது உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைப் பணியாளாகவே நடத்தினார். கயிற்றை இப்படிச் சுற்றக்கூடாது, தண்ணீரை இப்படித் திறக்கக்கூடாது, படியில் இறங்கும்போது முகம் படியைப் பார்க்க வேண்டும். சுக்கானை மட்டும் தொட விடவில்லை.

அந்த வருடம் சித்திரைக்குப் பிறகு கடல் படுத்ததும் புறப்பட்டோம். வாழைச்சேனை, ஒலுவில், தெற்கே சுற்றிக் காலி வரைக்கும் போனோம். திரும்பி வந்து வடக்கே முல்லைத்தீவு, பருத்தித்துறை, காங்கேசன்துறை. முதல் இரண்டு கிழமை இஞ்சியைக் கடித்துக்கொண்டு வாளியோடு இருந்தேன். மூன்றாம் கிழமை சத்தி நின்றது. அதற்குப் பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கடல் பிடித்துப்போயிற்று. கரை மெல்லிய கோடாகி, பிறகு ஒவ்வொரு மலையாக எழும்பி வருவதைப் பார்க்க நான் விடியற்காலையிலேயே மேலே போய் இருப்பேன். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கோணமும் தூரமும் போட்டு, அடுத்த முனை எத்தனை மணிக்குத் தெரியும் என்று கணக்குப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக வரும். அவரிடம் சொன்னால் தலையை ஆட்டுவார்.

ஆனால் துறைமுகங்கள்? ஒவ்வொரு துறைமுகத்திலும் கயிறு கட்டியதும் அவர் இஞ்சின் அறைக்குள் இறங்கிவிடுவார். காட்டுவேன் என்றவர் படகு கட்டும் ஜெற்றியைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. காலிக் கோட்டையை நான் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சுற்றினேன். பருத்தித்துறையில் சந்தைக்குத் தனியாகப் போய், வடை வாங்கி, நின்றுகொண்டே தின்றேன். திரும்பி வந்து என்னென்ன கண்டேன் என்று சொன்னால், துணியில் கையைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "தண்ணிப் பம்பில ஒரு சத்தம் இருக்குது" என்பார். வயது, முழங்கால் வலி, நடக்கப் பிடிக்கவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வருடம் ஆனி மாதம் திருகோணமலைக்கு வந்து உள்துறைமுகத்தில் நின்றோம். அவரோடு கப்பலில் வேலை செய்த ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். கிண்ணியாக்காரர். பல வருடம் இவருக்குக் கீழே இரண்டாம் இஞ்சினியராக இருந்தவர், இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்திருந்தார். இவர் கீழே இஞ்சினோடு இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சுவாக்கில், உங்கள் சேர் எந்தத் துறைமுகத்திலும் இறங்கி நடக்கிறார் இல்லை என்று குறைப்பட்டேன். அவர் சிரித்தார். சேர் எந்தக் காலத்தில் இறங்கினார் என்றார். மற்றவர்கள் கடை கடையாகத் திரிய, சேர் மட்டும் கப்பலிலேயே நிற்பாராம். அவர் அறிந்த வரைக்கும் சேர் பார்த்த சிங்கப்பூர், கப்பலின் வட்டக் கண்ணாடியால் தெரிந்த சிங்கப்பூர்தானாம். பிறகு, தன் மேலதிகாரியைப் புகழ்கிறோம் என்ற நினைப்போடு இதையும் சொன்னார்:

"சேர் மாதிரி வேலையில பற்றுள்ள ஒரு ஆளை நான் காணல்ல டீச்சர். நாங்கெல்லாம் ஊட்ட போக நாள் எண்ணுவம். சேர் தானாக் கேட்டு இன்னும் மூணு மாசம் நிப்பார். கடல் ஊருக்குள்ள வந்த அந்த வருசம் நாங்க ரெண்டு பேரும் ஒரே கப்பல். திருகோணமலை ஆக்கள் ரெண்டு பேரும் உடனே போகலாம் எண்டு கொம்பனி சொன்ன. நான் வந்திட்டன். சேர் நிண்ட."

நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

அந்த மார்கழியில் நானும் பிள்ளைகளும் எப்படி ஓடினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு கிழமை பாடசாலைக் கட்டடத்தில் படுத்தோம். மகன் அதன் பிறகு ஒரு வருடம் கடற்கரைப் பக்கம் வர மறுத்தான். அவர் தொலைபேசியில், கொம்பனி விடமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய, என்றார். அடுத்த ஆடியில்தான் வந்தார். நான் அந்தக் கொம்பனியைச் சபித்தேன். பெயர் தெரியாத யாரோ ஒரு அதிகாரியைப் பல வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் அவரிடம் கேட்டேன். பாண் வெட்டிக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கத்தியை வைத்தார்.

"வந்து நான் என்ன செய்திருப்பன்?" என்றார். "நீர் எல்லாம் பாத்திருப்பீர். எனக்கு வீட்டில என்ன செய்யிறதெண்டு தெரியாது."

பிறகு பாணை வெட்டி முடித்து, என் தட்டில் இரண்டு துண்டு வைத்தார்.

நான் அழவில்லை. கத்தவும் இல்லை. கத்துவதற்கு அந்தப் படகில் இடம் இல்லை. ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும். அன்று நங்கூரம் தூக்கியதும் நேரே போய்ச் சுக்கானுக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தேன். அவர் வந்து பார்த்தார். பிறகு கீழே இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு கொட்டியாரக் குடாவுக்குள் படகை நான்தான் ஓட்டினேன். அவர் சொல்லித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. வரைபடமும் ஆழம் காட்டும் மீற்றரும் கண்ணும் போதுமாக இருந்தன. ஜெற்றியில் கொண்டுபோய் அணைப்பதை மட்டும் அவரே செய்தார். தேவைக்கு மட்டும் கதைத்தோம். மணிக்கு ஒரு தடவை லொக் புத்தகத்தில் இடமும் நேரமும் வேகமும் எழுத வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அதை ஓட்டுகிறவர் எழுத வேண்டும் என்பதால் நானே எழுதினேன்.

ஆவணியில் ஒரு நாள். முதல் நாள் மாலை மூதூருக்குக் கிட்ட, கட்டைபறிச்சான் பக்கம் நங்கூரம் போட்டிருந்தோம். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எழும்ப முன்னர் துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்று காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அரை மணித்தியாலம் போயிருக்கும். இஞ்சின் சூடு கொஞ்சம் ஏறுவது முன்னாலிருந்த வட்டத்தில் தெரிந்தது. கீழே கூப்பிட்டுச் சொன்னேன். பதில் இல்லை. வழக்கம்போலக் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. கோபத்தில்தான் கூப்பிடவில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு நான் பொறுப்பு. அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

பிறகு ஏதோ தட்டி விழுந்த சத்தம் கேட்டது. இஞ்சினைக் குறைத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். இஞ்சினோடு சாய்ந்து இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையில் நட்டுத் திருகும் சாவி இருந்தது, ஆனால் கை அதைப் பிடித்திருக்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சொல்லாக வரவில்லை.

அவரைத் தூக்க என்னால் ஏலவில்லை. இஞ்சினிலிருந்து விலக்கி, பக்கவாட்டில் படுக்க வைத்து, தலைக்குத் தலையணை வைத்தேன். மேலே வந்து கிண்ணியாக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர், மூதூருக்குத் திரும்ப வேண்டாம், நேரே நகர ஜெற்றிக்கு வாருங்கள், ஆம்புலன்சோடு நிற்கிறேன் என்றார். துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் வகுப்பறையில் வருகிற குரலாகவே இருந்தது. பிறகு லொக் புத்தகத்தை இழுத்து எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. கை தானாகப் போயிற்று. '7.40. அவர் விழுந்துவிட்டார். நான் ஓட்டுகிறேன்.'

துறைமுக வாயிலுக்கு முக்கால் மணித்தியாலம். இஞ்சினை முழு வேகத்தில் விட்டால் சூடு ஏறி நின்றுவிடும். குறைத்தால் அவருக்கு நேரம் போய்விடும். சூட்டு வட்டத்தின் முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வைத்துக்கொண்டே போனேன். வாயிலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டு, கரைப்பாறைகளுக்குக் கிட்டப் போகாமல், அதன் அலையை முகப்பில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த நாலு நிமிடமும் நான் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் திரும்பி மேலே வருவேனோ என்று பயமாக இருந்தது.

ஜெற்றியில் நான் ஒருநாளும் படகை அணைத்ததில்லை. வேகத்தைக் குறைக்கப் பிந்திவிட்டேன். முகப்புக் கம்பி கொங்கிறீற்றில் இடித்து வளைந்தது. நான் எறிந்த கயிற்றைக் கிண்ணியாக்காரர்தான் பிடித்தார். நாலு பேர் இறங்கி என் கணவரைத் தூக்கினார்கள். பின்னால் நானும் ஆம்புலன்சில் ஏறினேன்.

பாரிசவாதம். வைத்தியசாலையில் ஒரு மாதம். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று வைத்தியர் சொன்னார். பேச்சு முதலில் வந்தது. கால் பாதி வந்தது. வலது கை வரவில்லை. வங்கி முகாமையாளர் நல்ல மனிதர், எங்கள் நிலைமையைக் கேட்டதும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். நாங்கள் திரும்பவும் வீட்டுக்கு வந்தோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவர் சொல்லத் தொடங்கினார். முதலில் துண்டு துண்டாகத்தான் சொன்னார். கிழமைகள் போகப் போகக் கதை திருந்தி வந்தது. கீழே இருக்கும்போது கை விறைத்ததாம். உடனே விளங்கிவிட்டதாம். இடது கையால் படிகளைப் பிடித்து மேலே வந்து, சுக்கானைப் பிடித்து, வெளியே வந்த கப்பலுக்கு வழிவிட்டு, ஒற்றைக் கையால் ஜெற்றிக்குக் கொண்டுவந்து விட்டுத்தான் விழுந்தாராம். முகப்புக் கம்பி வளைந்தது ஒற்றைக் கை என்பதாலாம். வந்தவர்கள் வாயில் கை வைத்தார்கள். என்னைப் பார்த்து, நீங்கள் நல்லாப் பயந்துபோயிருப்பீர்கள் என்றார்கள். நான் கதிரைகளுக்கு நடுவே தேத்தண்ணித் தட்டோடு நின்றேன்.

வைத்தியரிடம் தனியாகக் கேட்டேன். அந்த நேரம் அவருடைய தலையில் பதிந்திருக்காது, வெற்றிடமாக இருக்கும், மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு மூளை தானே நிரப்பிக்கொள்ளும் என்றார். எனக்கு அது விளங்கியது. நிரப்பும்போது என்னை எங்கேயாவது ஒரு ஓரத்தில்கூட ஏன் வைக்கவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு நாள் யாரும் இல்லாதபோது அவருக்கு நடந்ததைச் சொன்னேன். மெதுவாக, படிப்படியாக, சின்ன வகுப்புக்குச் சொல்வது போல. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இடது கையால் என் கையைத் தட்டினார்.

"நீர் பயந்திட்டீர். பயத்தில ஆக்களுக்குச் சரியா ஞாபகம் இருக்காது."

அடுத்த தடவை கிண்ணியாக்காரர் வந்திருந்தபோது, நான் வேண்டுமென்றே அந்தப் பேச்சை எடுத்தேன். கயிற்றைப் பிடித்தவர் இவர்தானே, இவரிடம் கேளுங்கள் என்றேன். என் கணவர் அவரைப் பார்த்தார். கிண்ணியாக்காரர் தன் கையிலிருந்த கோப்பைக்குள் பார்த்தார். சேர் சொல்வது சரியாக இருக்கும் என்றார், மெதுவாக. வாசல் படலை வரைக்கும் அவரோடு நான் நடந்து போனேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர்," என்றார். "முப்பது வருசம் சேர் எண்டு கூப்பிட்ட வாய். அந்த ஆள் இப்பிடி இருக்கிற நேரம் அதைச் சொல்ல எனக்கு ஏலா."

அவரிலும் எனக்குக் கோபம் வந்தது. இரக்கம் காட்டுவதற்கு எல்லாருக்கும் என் கணவர் கிடைக்கிறார்.

மிஞ்சியிருந்தது லொக் புத்தகம். படகிலிருந்து கொண்டுவந்து, அந்தப் பக்கத்தை விரித்து, அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியையும் நானே போட்டுவிட்டேன். என் எழுத்து, பென்சிலில், ஒரு கோடுகூடக் கோணாமல் இருந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. அல்லது வந்ததாக நான் நினைத்தேன். பிறகு வாயைத் திறந்தார்.

"லொக் புத்தகத்தில 'நான்' எண்டு எழுதக்கூடாது," என்றார். "ஆர் ஓட்டினது எண்டு பதவியைத்தான் எழுத வேணும்."

புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அதைத் துடைத்தேன்.

மாசியில் படகை விற்றார். திமிங்கிலம் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோகிற ஒருவர் வாங்கினார். விற்கலாமா என்று என்னிடம் கேட்கவில்லை. ஆனால் வாங்க வந்தவருக்குப் படகைக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. நான் போனேன். ஆழம் காட்டும் கருவி ஒரு மீற்றர் கூடுதலாகக் காட்டும் என்பதையும், பின்னோக்கி எடுக்கும்போது முகப்பு எந்தப் பக்கம் போகும் என்பதையும், இஞ்சின் சூடு ஏறினால் எந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். உள்துறைமுகத்தில் ஒரு சுற்றும் ஓட்டிக் காட்டினேன். அந்த மனிதர் ஜெற்றிக்கு வந்ததும் என் கணவரிடம், அம்மாவுக்கு எல்லாம் தெரியுமே என்று ஆச்சரியப்பட்டார். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், கூட இருந்து பார்த்துப் பழகியது என்றார். நான் சாவிகளைக் கொடுத்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினேன்.

மகளுக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் தொலைபேசியில் சொன்னேன். அம்மா, அப்பா பாவம், விட்டுவிடுங்கள் என்றாள். விட்டுவிட்டேன் என்றுதான் அவளுக்குச் சொன்னேன்.

இப்போது காலையில் அவருக்கு ஒரு றப்பர் பந்தைக் கையில் வைத்து நசுக்கப் பழக்குகிறேன். மாத்திரைகள் கொடுக்கிறேன், குளிக்க வார்க்கிறேன், சட்டைப் பொத்தான் பூட்டுகிறேன். கொஞ்சம் என்னைக் காணாவிட்டாலும் கூப்பிடுகிறார். "இஞ்ச வாரும்" என்று முன்கூடத்திலிருந்து சத்தம் வரும். போனால் பெரிதாக ஒன்றும் இருக்காது; மின்விசிறியைக் கூட்டவோ யன்னலைச் சாத்தவோ சொல்வார், அல்லது சும்மா முகத்தைப் பார்ப்பார். அவருக்கு இப்போது தனியாக இருக்கப் பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் உடனே போவதில்லை. குசினியில் வேலை எல்லாம் முடிந்திருந்தாலும், அவர் இரண்டாவது தடவை கூப்பிடும் வரைக்கும், சில நாட்களில் மூன்றாவது தடவை வரைக்கும், கைகளைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன்.